கைதட்டில்லாத பாட்டு

துட்டி வீட்டிலிருந்து கிளம்பும்போது "போயிட்டு வாறேன்" என்று சொல்லக் கூடாது. எங்கள் பக்கத்தில் சின்னப் பிள்ளைக்குக்கூட இது தெரியும். சாவு விழுந்த வீட்டுக்கு மறுபடியும் வருவேன் என்று யாராவது சொல்வார்களா? செருப்பை மாட்டிக்கொண்டு, யார் முகத்தையும் பார்க்காமல், பேசாமல் நடையைக் கட்ட வேண்டும்.

"நல்லா இருந்துச்சு" என்றும் அங்கே சொல்ல முடியாது. பாட்டு நல்லா இருந்தது என்று ஒருத்தன் வாயைத் திறந்தால் செத்தவனின் பங்காளிகள் சும்மா விடுவார்களா. அதனால் ஒப்பாரி பாடுகிற பெண்களுக்கு இந்த உலகத்தில் கைதட்டு கிடையாது. பாடுவார்கள். வாய்க்காலில் தலை முழுகுவார்கள். வீட்டுக்குப் போய் உலை வைப்பார்கள். அவ்வளவுதான்.

பொட்டல்விளை மாடத்திக்கு இது ஒரு குறையாகவே தெரிந்ததில்லை. அவளிடம் பாட்டுப் படிக்க வந்த பூரணத்துக்குத்தான் தெரிந்தது.

படிக்க வந்தவள் படிப்பித்தவளைவிட மூத்தவள். பத்து வயதாவது கூட இருக்கும். பூரணம் அவளை "வாத்தியாரம்மா" என்பாள், பாதி கேலி, பாதி நிஜம். மாடத்தி இவளை "யக்கா" என்பாள்.

பூரணம் அதற்கு முன்னால் கல்யாண வீடுகளில் பாடிக்கொண்டிருந்தவள். நலங்குப் பாட்டு, ஊஞ்சல் பாட்டு என்றால் சுத்துப்பட்டு ஊர்களில் அவளைத்தான் கூப்பிடுவார்கள். பாடி முடித்ததும் வெற்றிலையை மடித்துக் கையில் கொடுத்து, "குரலா இது, கருப்பட்டிப் பாகு" என்பார்கள். அதைக் கேட்டுக் கேட்டே வளர்ந்த குரல் அது.

ஒரு பங்குனியில் அவள் புருஷன் செத்துப்போனான். அடுத்த முகூர்த்தத்துக்குப் பாட ஒப்புக்கொண்டிருந்த வீட்டிலிருந்து ஆள் வந்தது. "நீங்க வர வேண்டாம்னு சொல்லச் சொன்னாவ." குரல் அதே குரல்தான். நெற்றியில் இருந்தது போய்விட்டது, அவ்வளவுதான்.

பிள்ளை குட்டி இல்லாத பொம்பளை. அந்தக் குரலைத் தவிர அவளுக்கு மிச்சம் எதுவும் இல்லை. பாடாமல் இருக்க முடியவில்லை. கல்யாண வீட்டுக்குள் விடாதவர்கள் இழவு வீட்டுக்குள் விடமாட்டோம் என்றா சொல்வார்கள்? மாடத்தி வீட்டு வாசலில் போய் நின்றாள்.

"எனக்குச் சொல்லிக் குடு."

மாடத்தி அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உன் வீட்டுக்காரர் செத்தன்னைக்கு நான்தான் வந்து பாடுனேன். எப்படி இருந்துச்சு?"

பூரணம் யோசித்தாள். "ஒரு வரிகூட ஞாபகம் இல்லையே."

"அப்போ மோசமாத்தான் பாடியிருக்கேன். உள்ள வா."

சிரிக்காமல்தான் சொன்னாள். கேலியா நிஜமா என்று பூரணத்துக்கு விளங்கவில்லை.

மெட்டுகளைப் பிடித்துக்கொள்ள அவளுக்கு ரொம்ப நாள் ஆகவில்லை. பாடுகிற முறையும் வந்துவிட்டது. பெண்கள் வட்டமாகக் குத்தவைத்து, ஒருத்தி தோளில் ஒருத்தி கைபோட்டு, தலையைக் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். முடி அவிழ்ந்து முகத்தை மறைத்துவிடும். தரையைப் பார்த்துக்கொண்டுதான் பாட்டு. ஒருத்தி எடுத்துக் கொடுக்க மற்றவர்கள் வாங்கிக்கொள்வார்கள்.

ஒவ்வொரு துட்டி வீட்டுக்குப் பிறகும் வாய்க்கால் படியில் உட்கார்ந்து பூரணம் கேட்பாள்.

"வாத்தியாரம்மா, இன்னைக்கு எப்படி இருந்துச்சு?"

"தண்ணி சில்லுன்னு இருக்கு."

"அதைக் கேக்கலை. என் பாட்டு."

"சோப்பு கொண்டாந்தியா?"

இப்படியே போயிற்று. திட்டவும் மாட்டாள், மெச்சவும் மாட்டாள். கல்லில் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி என்று பூரணம் கூடப் பாடுகிற பெண்களிடம் புலம்பினாள். அவர்கள், "அவ அப்படித்தான். நாங்க கேட்டே பல வருசம் ஆச்சு" என்றார்கள்.

ஒரு நாள் மட்டும் மாடத்தி தானாகவே வாயைத் திறந்தாள்.

"நீ தலையத் தூக்குன."

பூரணத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. முடிக்கு நடுவே யாருக்குத் தெரியப்போகிறது என்று நினைத்திருந்தாள்.

"சும்மா லேசாத்தான். யாரு யாரு அழுவுதாவன்னு பாத்தேன்."

"அழுதாவளா?"

"எல்லாரும் அழுதாவ. வெளிய பெஞ்சுல இருந்த ஆம்பிளைகளும் துண்டை எடுத்துட்டாவ."

"அதான் தெரிஞ்சுபோச்சே. பொறவு ஏன் என்கிட்ட கேக்கே?"

ஊரே அழுதாலும் இவள் வாயிலிருந்து ஒரு வார்த்தை வராவிட்டால் தூக்கம் வரமாட்டேன் என்கிறது என்பதை எப்படிச் சொல்வது. தன்னைவிடச் சின்னவளிடம்.

அரிசி மில்காரர் செத்த அன்று மாடத்தி, "இன்னைக்கு நீ எடுத்துக் குடு" என்றாள். பூரணம் எடுத்துக் கொடுப்பது அதுவே முதல் தடவை. ஆண்டாண்டு காலமாகக் காத்திருந்தவள் மாதிரி தயாராக இருந்தாள். வரும் வழியிலேயே வரிகளை யோசித்து வைத்திருந்தாள்.

தங்கத் தேரு அசைஞ்சு வரத்
தடம் பாத்து நின்ன ராசா
அள்ளி அள்ளிக் குடுத்த கையி
அசராத கையி அப்பா.

நல்ல குரலுக்குக் கேட்க வேண்டுமா. பந்தல் முழுக்க விம்மியது. சமையல்காரன் கரண்டியை வைத்துவிட்டு வந்து நின்றான். பூரணம் தலையை லேசாகத் தூக்கிப் பார்த்தாள். ஒரு கண்கூடக் காய்ந்திருக்கவில்லை.

ஒரே ஒருத்திக்குத்தான் காய்ந்திருந்தது. செத்தவரின் மகள் உலகம்மாள். வாசல்நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றவள் சொன்னாள்.

"நிறுத்துங்க. இது எங்க அப்பா இல்லை."

சத்தமாகக்கூடச் சொல்லவில்லை. ஆனாலும் எல்லாருக்கும் கேட்டது. பூரணம் பாதி வரியிலேயே நிறுத்தினாள். கல்யாண வீடு, இழவு வீடு எதிலும் அவளை நிறுத்தச் சொன்னவர்கள் கிடையாது.

யாரும் எதுவும் பேசுவதற்குள் மாடத்தி அதே மெட்டில், விட்ட இடத்திலிருந்து பிடித்தாள். அவள் குரல் ஒன்றும் இனிமையானது இல்லை. சொளகில் அரிசி புடைக்கிற மாதிரி சரசரவென்று இருக்கும்.

ஓங்கி வந்த கையி இது, நான்
ஒளிய எடம் தேடுன கையி
மூக்கு மேல ஈ இருக்கு
முழிச்சு ஓட்டலையே அப்பா
ஒருக்கா ஓட்டலையே.

உலகம்மாள் நிலையை விட்டாள். அறைக்குள் வந்து அப்பாவின் வலது கையை எடுத்துத் தன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள். அதற்குப் பிறகு அவள் அழுத அழுகையைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

வாய்க்காலில் பூரணம் குளிக்கவில்லை. படியிலேயே உட்கார்ந்திருந்தாள்.

"உனக்கு எப்படித் தெரியும், அவரு அடிப்பாருன்னு?"

"தெரியாது."

"பொறவு எப்படிப் பாடுன?"

"தலை கவுந்திருந்தா கால்தான் தெரியும். வந்த பொம்பளை எல்லாம் தலைமாட்டுல நின்னாவ. ஒருத்தி கால் மட்டும் வாசப்படியத் தாண்டலை. கதவுக்குப் பின்னால போவும், திரும்பி வரும். சின்னப் புள்ளை ஒளியுற மாதிரி."

பூரணம் அழுதாள். அவமானம் தாங்காமல் வந்த அழுகை.

"ஊரே அழுதுச்சு. ஒருத்தி இல்லைன்னா. நான் யாரு சொல்லுததை எடுத்துக்க? ஊரு சொல்லுததையா, அவ சொல்லுததையா?"

மாடத்தி முங்கி எழுந்தாள். முடியைப் பிழிந்தாள்.

"சொல்லேன், ஏளா. உன் வாயில முத்தா உதிர்ந்துரும்?"

"தண்ணி வத்துது. சீக்கிரம் குளி" என்றாள் மாடத்தி.

அன்றோடு பூரணம் பாடப் போவதை நிறுத்திவிட்டாள். கூப்பிட ஆள் வந்தால் காய்ச்சல் என்று சொன்னாள். வீட்டுக்குள் உட்கார்ந்து அந்த மூன்று சொல்லையே திருப்பித் திருப்பிச் சொல்லிக்கொண்டிருந்தாள். எங்க அப்பா இல்லை. மெச்சினவர்கள் சொன்னது ஒன்றுகூட ஞாபகத்துக்கு வரவில்லை. கருப்பட்டிப் பாகெல்லாம் கரைந்துபோயிற்று. எந்தக் கலைக்காரனை வேண்டுமானாலும் கேட்டுப் பாருங்கள், இதைத்தான் சொல்வான்.

ஆடி கழிந்து ஒரு மத்தியானம், கூடப் பாடுகிற பெண் ஒருத்தி வந்தாள். மாடத்திக்கு வயிற்றில் கட்டி. பெரியாஸ்பத்திரியில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள் என்று சொல்லிவிட்டார்களாம். "உன்னைக் கேட்டா" என்றாள்.

பூரணம் விழுந்தடித்துக்கொண்டு ஓடினாள்.

மாடத்தி பாயில் கிடந்தாள். ஆள் பாதியாகியிருந்தாள். பக்கத்து வீட்டுப் பெண்கள் சுவரோரம் உட்கார்ந்திருந்தார்கள்.

"காய்ச்சல் விட்டுட்டா யக்கா?"

பூரணம் தலையைக் குனிந்துகொண்டாள்.

"எனக்கு நீதான் பாடணும்" என்றாள் மாடத்தி.

"பேசாம கிட. அப்படில்லாம் ஒண்ணும் ஆவாது."

"ஆவும். அப்போ எனக்குக் கேக்காது. இப்பமே பாடு."

சுவரோரம் இருந்தவர்கள் பதறிப்போனார்கள். உயிரோடு இருக்கிறவளுக்கு ஒப்பாரியா, வீடு விளங்குமா என்று ஒருத்தி எழுந்தே நின்றுவிட்டாள்.

"வெளங்கி என்ன ஆவப்போவுது. நீங்க இருங்க" என்றாள் மாடத்தி. கால் இரண்டையும் சேர்த்து வைத்தாள். கட்டைவிரல்களைக் கட்டுவதற்கு வசதியாக. கைகளை வயிற்றின் மேல் மடித்துக்கொண்டு கண்ணை மூடினாள்.

பூரணத்துக்கு ஆசையும் வந்தது. பொய் சொல்வானேன். செத்தவர்களில் ஒருவரும் அவள் பாட்டைக் கேட்டுப் பதில் சொன்னதில்லை. இவள் சொல்வாள். அதுவும் இவள். முடியை அவிழ்த்துவிட்டு உட்கார்ந்து, குரலைச் சரி செய்துகொண்டு எடுத்தாள்.

பாட்டுக்கொரு ராணி நீயே
பவளக்கொடித் தேவி நீயே
ஊரு சனம் ஏங்குதம்மா
ஒசந்த குரல் எங்கே அம்மா.

எழுந்து நின்ற பெண் தானாகவே உட்கார்ந்து முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். பூரணம் ஓரக்கண்ணால் அதைப் பார்த்தாள்.

மாடத்தி ஒரு கண்ணைத் திறந்தாள்.

"யாரு செத்துட்டா?"

பூரணத்துக்கு முகம் செத்துப்போயிற்று. சுதாரித்துக்கொண்டு இன்னொன்று எடுத்தாள். மாடத்தி சிறு வயதிலேயே தாயை இழந்து, தானாகப் பாடிப் படித்த கதையைச் சொல்லி வந்தாள். உருக்கமாகத்தான் இருந்தது. சுவரோரம் மூக்குறிஞ்சும் சத்தம் கேட்டது.

"அவ இன்னும் வரலை யக்கா" என்றாள் மாடத்தி, கண்ணைத் திறக்காமலே.

அத்தனை நாளாக அடக்கி வைத்திருந்தது பூரணத்துக்கு அங்கே பிய்த்துக்கொண்டது.

"எவளைக் கூட்டியாரச் சொல்லுதே? உன்னைப் பத்திப் பாட என்ன இருக்கு? ஒரு நல்ல வார்த்தை சொல்லத் தெரியுமா உனக்கு? ஒரு வசவாவது தெரியுமா? உன் வாயையே பாத்துக்கிட்டு நாயா பின்னால நடந்தேனே. சோப்பு இருக்கான்னு கேப்பே. தண்ணி சில்லுன்னு இருக்குன்னு சொல்லுவே. இப்போ பாதியில விட்டுட்டுப் போறேன்னு காலை நீட்டிக் கிடக்கே. இனி நான் யாருகிட்ட போய்க் கேக்க?"

அந்தக் கடைசிச் சொல் இழுபட்டு மெட்டில் விழுந்தது. அவளாக இழுக்கவில்லை. தலை கவிழ்ந்துவிட்டது.

ஒத்த வார்த்த கேட்டு வந்தேன்
ஒன் பொறத்த நடந்து வந்தேன்
வாய்க்கா தண்ணி குளிருதுன்ன
வாயில அது வரலையே
வசவு ஒண்ணு பாக்கி உண்டா
வஞ்சிட்டாவது போயேன்டி
என்னை
வஞ்சிட்டாவது போயேன்டி.

பாட்டு என்று அதைச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. குரல் உடைந்தது. ஒரு இடத்தில் மெட்டே கழன்றுவிட்டது. "போயேன்டி" என்பதற்குமேல் வரி வரவில்லை; அதையே சொல்லிச் சொல்லி, கடைசியில் மூச்சு மட்டும்தான் வந்தது. பூரணத்துக்குத் தெரிந்ததெல்லாம் பாயின் ஓரமும், மாடத்தியின் சேர்த்து வைத்த கால்களும்தான்.

ரொம்ப நேரத்துக்குப் பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பழக்கதோஷம் விடுமா. கேட்டாள்.

"எப்படி இருந்துச்சு?"

"நான் அழுதேனா?" என்றாள் மாடத்தி. கண்ணை மூடியேதான் இருந்தாள்.

"தெரியலையே. நான் பாக்கலை."

"இவிய எல்லாம்?"

பூரணம் சுவரோரம் திரும்பவில்லை. "யாரையும் பாக்கலை."

பூரணம் மாடத்தியின் காலைப் பிடித்து ஆட்டினாள்.

"ஏளா, சொல்லு. பாட்டு கெட்டுப்போச்சு, எனக்கே தெரியுது. எவ்வளவு கெட்டுச்சுன்னு சொல்லிட்டுப் போ. இப்போ சொல்லாட்டா இனி எப்போ சொல்லப்போறே?"

"செத்தவ பதில் சொல்லுவாளா யக்கா" என்றாள் மாடத்தி.

அதுதான் அவள் பூரணத்திடம் பேசிய கடைசிப் பேச்சு. அதற்கப்புறம் வலி வந்துவிட்டது. வலி வந்தால் மனுஷர்கள் பேசுவது பேச்சில் சேராது.

ஐப்பசி மழையில் மாடத்தி போய்ச் சேர்ந்தாள்.

சுத்துப்பட்டு ஊர்க்காரர்கள் எல்லாம் வந்தார்கள். இத்தனை பேரை அழ வைத்தவளுக்கு யார் பாடப் போகிறார்கள், எப்படிப் பாடப் போகிறார்கள் என்று பார்க்கத்தான் பாதிக் கூட்டம். பூரணம் வட்டத்தில் உட்கார்ந்தாள். அந்தச் சோப்பும் வாய்க்கால் தண்ணீரும் வசவும்தான் அன்றும் வந்தன. அன்றும் நடுவில் குரல் போயிற்று.

நான் அங்கே பந்தக்கால் ஓரம்தான் நின்றிருந்தேன். எத்தனை பேர் அழுதார்கள், எத்தனை பேர் அழவில்லை என்று எனக்குத் தெரியும். சொல்லப் போவதில்லை. பூரணம் தலையைத் தூக்கவே இல்லை. அவளுக்குத் தெரியாதது உங்களுக்கு மட்டும் எதற்கு.

ஆனால் காது இருக்கிறதே, அதைக் கவிழ்த்து வைக்க முடியாது. தூக்கிக்கொண்டு போனதும் பெண்கள் பேசிக்கொண்டது அவளுக்குக் கேட்டது.

"மாடத்திக்கு இப்படியா ஒரு பாட்டு. சோப்பாம், தண்ணியாம்."

"அவளுக்குக் கல்யாணப் பாட்டுதான் வரும். துட்டி வராது. மில்காரர் வீட்டுலயே பாத்தோம்லா."

பூரணத்துக்கு வலித்தது. வலிக்காமலா இருக்கும். புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். வாசலில் வந்ததும் நின்றாள். உள்ளே பாய் கிடந்த இடத்தைக் கழுவிவிட்டிருந்தார்கள். இன்னும் ஈரம் காயவில்லை. போயிட்டு வாறேன் என்று சொல்லக் கூடாத வீடு. சொல்லவில்லை. நடந்தாள்.

வாய்க்காலில் மழைத்தண்ணீர் கலங்கலாகப் போய்க்கொண்டிருந்தது. கூடப் பாடினவர்கள் முன்னாலேயே குளித்துவிட்டுப் போயிருந்தார்கள். பூரணம் முங்கி எழுந்து மூச்சு வாங்கிக்கொண்டு நின்றபோது, படியில் இன்னொருத்தி வந்து நின்றாள். மில்காரர் மகள் உலகம்மாள். அவளும் துட்டிக்கு வந்தவள், தலை முழுக வேண்டும்.

பொய் சொல்லத் தெரியாத பெண். சாவு வீட்டில், அத்தனை பேருக்கு நடுவில், இல்லை என்று சொன்னவள். அவள் என்ன சொன்னாலும் அது நிஜமாகத்தான் இருக்கும் என்று பூரணத்துக்குத் தெரியும்.

உலகம்மாளின் கண் சிவந்திருந்தது. மழையிலா, வேறெதிலா. பூரணம் அவள் முகத்திலிருந்து பார்வையை எடுத்து, படியில் நின்ற காலைப் பார்த்தாள்.

"யக்கா" என்றாள் உலகம்மாள். "இன்னைக்கு நீங்க பாடுனது..."

"தண்ணி சில்லுன்னு இருக்கு" என்றாள் பூரணம். "படி வழுக்கும். பாத்து எறங்குத்தா."